ஸ்வெட்டரின் இரண்டு கைகள்

ஊட்டிப் பக்கம் கேத்தியில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறேன். பொம்பளை டிரைவர் என்ற பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகம்தான். அப்படிப்பட்ட நான் ஒருநாள் காலையில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண் அசந்து, வேனை மண்மேட்டில் முட்டிவிட்டேன். நல்லவேளை, பிள்ளைகள் இன்னும் ஏறவில்லை.

தூக்கத்தில் எனக்கு மூச்சு நின்று நின்று வருகிறதாம். மாஸ்க் மாட்டி, குழாய் வழியாகக் காற்று ஊதும் சிபாப் மெஷினை டாக்டர் கொடுத்தார். "ஒரு மாசம் இதைப் போட்டுத் தூங்குங்க. அப்புறம் வேனைத் தொடலாம்."

மாதம் முடிந்ததும், "தினமும் போட்டேனுங்க" என்றேன். அவர் மெஷினிலிருந்த கார்டைக் கம்ப்யூட்டரில் செருகினார்.

"நாலே நாள்தான் போட்டிருக்கீங்க."

எனக்குக் காது வரை சுட்டது. கூட வந்த என் வீட்டுக்காரர்தான் வாய் திறந்தார். "எங்க குளிருக்குக் குழாயில தண்ணி கோத்து மூக்குல ஊத்துதுங்க. கழட்டிப் போட்டுடறா."

"அப்ப குழாய்க்குக் குளிராமப் பார்த்துக்கங்க."

வீட்டுக்கு வந்ததும் அவர் தன் ஒரே கம்பளி ஸ்வெட்டரின் இரண்டு கைகளையும் வெட்டி, சேர்த்துத் தைத்து, குழாய்க்கு மாட்டிவிட்டார். தண்ணீர் நின்றது. அடுத்த மாதம் நான் சொன்னதையேதான் கார்டும் சொன்னது: ஒருநாள்கூடத் தவறவில்லை.

வேன் சாவி திரும்ப என் கைக்கு வந்தது. ஆனால் அதைவிடப் பெரிய பெருமை, தினமும் கை இல்லாத ஸ்வெட்டரோடு கேரட் தோட்டத்துக்குப் போகிறது. "ஏனுங்க, கை எங்கே?" என்று யாராவது கேட்டால் அவர் சொல்வார்:

"ஊட்ல இருக்குதுங்க. என்ற பொண்டாட்டியத் தூங்க வெக்கோணுமில்ல!"