தலைக்கட்டு இல்லாதவளின் கோப்பு

புகுந்த வீட்டை ஒரேயடியாக விட்டுவிட்டு வந்த புதிதில், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என் முன்னால் நைனா ஓர் உரச் சாக்கைக் கொண்டுவந்து போட்டார். உள்ளே எங்கள் பங்காளிகளின் காகிதங்கள்: பழைய ரேஷன் கார்டுகள், இறப்புச் சான்றிதழ்கள், யாருக்கு யார் பிள்ளை என்று எவரோ எழுதிய தாள்கள். எல்லாம் ஏரிக்காற்றில் நமத்துப்போயிருந்தன.

"சும்மா குந்தினு இருக்கறதுக்கு இதப் பிரிச்சு வையேன்" என்றார்.

பிரித்து வைத்தேன். அன்றோடு முடியும் என்று நினைத்தேன். பங்காளிகளுக்கு விஷயம் தெரிந்ததும் ஆளுக்கொரு பையோடு வந்துவிட்டார்கள். ஏரி நடுவிலிருக்கும் எங்கள் தீவில் ஒருத்தி ஒரு வேலையைச் சுத்தமாகச் செய்துவிட்டால் அந்த வேலை அவள் தலையில்தான் விடியும்.

நான் அலமாரியில் கோப்புகளைப் பெயர் வரிசையில் வைக்கவில்லை, தலைக்கட்டு வரிசையில் வைத்தேன். இங்கே ஓர் ஆணுக்குக் கல்யாணம் ஆனால்தான் ஊர்க்கணக்கில் அவன் ஒரு தலைக்கட்டு. ஏரியில் இறால் வலை கட்டும் இடங்களை முறைபோட்டுப் பிரிப்பதைப் பாடு என்போம்; அதில் தலைக்கட்டுக்குத்தான் பங்கு. ஆகவே ஒருவன் தாலி கட்டிய மறுநாள் அவன் காகிதங்களை அப்பன் கோப்பிலிருந்து உருவிப் புதுக்கோப்பு போடுவேன். கட்டிக்கொண்டு போகிற பெண்ணின் காகிதங்களை ஒரு கவரில் போட்டுப் புருஷன் வீட்டுக்கு அனுப்புவேன். புருஷன் செத்தால் அவள் காகிதம் மகன் கோப்புக்குப் போகும். திரும்பி வந்தவளுடையது எங்கே போகும்? ஊர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என்னுடையவை நைனாவின் கோப்பில், கரண்டு பில்களுக்கு அடியில் கிடந்தன.

போன வருஷம் கூடப் படித்தவள் ஒருத்தி போன் செய்தாள். பொன்னேரியில் ஒரு வக்கீல் ஆபீசில் வழக்குக் கட்டுகளை ஒழுங்குபடுத்த ஆள் தேடுகிறார்களாம். தங்குவதற்கு அவள் அறையிலேயே இடமிருக்கிறதாம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

நைனாதான் கேட்டார். "அங்க போயி இன்னா பண்ணுவ?"

"கட்டு அடுக்குவேன்."

"அதையேதான இங்கயும் பண்ற?"

"அங்க சாயங்காலம் ஆபீசைப் பூட்டிருவாங்க நைனா."

அது அவருக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை. நான் தம்பியை உட்காரவைத்து அலமாரியைக் காட்டிப் பழக்கினேன். எது எந்தத் தட்டு, சீட்டை எப்படி வெட்டி ஒட்டுவது, எல்லாம். "நீ பக்கத்துல குந்தினு சொன்னா புரியுதுக்கா. நீ அந்தாண்ட போனா மறந்துடுது" என்றான். அவன் மறக்கவில்லை, மறக்க விரும்பினான். இந்த அறையிலேயே என் ஆயுசு முடிந்துவிடும் என்று நிஜமாகவே பயந்தேன்.

அந்தப் பயத்தில் ஒரு காரியம் செய்தேன். புதுக்கோப்பு ஒன்றை எடுத்து, அதன் முதுகில் என் பெயரை எழுதி ஒட்டி, என் காகிதங்களை அதில் மாற்றினேன். அந்த அலமாரியில் பெண் பெயர் போட்ட கோப்பு அது ஒன்றுதான். நாலைந்து முறை எட்டிநின்று பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் அந்தக் காகிதங்களைக் கைப்பையில் எடுத்துக்கொண்டு, படகேறி, பொன்னேரி போனேன். வக்கீல் எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "திங்கட்கிழமை வந்துடும்மா" என்றார். திரும்புகிற படகில் யாரைப் பார்த்தாலும் சிரித்தேன்.

வீட்டில் என் கோப்பு தடித்திருந்தது. திறந்தால், தம்பிக்குப் பிறந்த பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, ஆஸ்பத்திரிச் சீட்டுகள். முதுகில் என் பெயர் மேல் குழந்தையின் பெயர், நான் சொல்லிக்கொடுத்தபடியே ஓரம் பிசகாமல் ஒட்டியிருந்தது.

"காலியாத்தான கெடந்துச்சு" என்றான் தம்பி. "புள்ளைக்கு ஒண்ணு வோணும்ல."

அது என்னுடையது, அதில் கை வைக்க நீ யார் என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன்.

"கல்யாணம் ஆவாதவனுக்கு எவனாச்சும் தனிக்கோப்பு போடுவானாடா? இது உன் கோப்புலதான வரணும்?"

என் வாயிலிருந்து வந்தது அதுதான்.

வலையைத் தைத்துக்கொண்டிருந்த நைனா நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"பாத்தியா. இதுக்குத்தான் நீ வோணுன்றது" என்றார்.

குழந்தையின் காகிதங்களை எடுத்துத் தம்பியின் கோப்பில், சேர வேண்டிய இடத்தில் சேர்த்தேன். திங்கட்கிழமை நான் போகவில்லை. என்னை யாரும் தடுக்கவும் இல்லை.