தொண்ணூற்றாறு நடை

சங்கரன்கோவிலில் கம்பளி நூல் கேட்டால் கடைக்காரர் முதலில் நம் முகத்தைப் பார்ப்பார், அப்புறம் வெளியே அடிக்கிற வெயிலைப் பார்ப்பார். "ஸ்கூல் பிள்ளைக்கு கிராஃப்டுக்கா?" என்று கேட்டுக் கிளிப்பச்சையில் ஒன்றும் ரோஸில் ஒன்றுமாக எலுமிச்சம்பழ அளவுக்கு இரண்டு உருண்டைகளை எடுத்து வைப்பார். ஸ்வெட்டர் பின்ன வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன். கடையில் நின்ற மற்ற இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். அதிலிருந்து எனக்கு வேண்டிய நூலைப் பெங்களூரில் இருக்கும் அண்ணன்தான் பார்சலில் அனுப்புகிறான்.

பாளையங்கோட்டையில் டீச்சர் டிரெயினிங் படித்தபோது விடுதி வார்டன் அம்மா பழக்கிவிட்ட வேலை இது. சிலருக்கு வெற்றிலை, சிலருக்குச் சீரியல், எனக்கு இரண்டு ஊசியும் ஒரு நூலுருண்டையும். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். நாலு வரி பின்னினால் அடங்கிவிடும். வகுப்பில் பிள்ளைகள் என்னிடம் அடி வாங்காமல் தப்பியதற்கு வார்டன் அம்மாவுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். ரிட்டயர் ஆனதும் நாள் முழுக்கப் பின்னலாம் என்று கனவு கண்டுகொண்டிருந்தேன். நான் ரிட்டயர் ஆன வருஷம்தான் அப்பாவின் ஞாபகமும் மெல்ல மெல்ல ரிட்டயர் ஆகத் தொடங்கியது.

அப்பாவுக்கு எண்பத்தாறு வயது. டவுன் பஸ் கண்டக்டராக இருந்தவர். சங்கரன்கோவிலிலிருந்து திருவேங்கடத்துக்குப் போய்த் திரும்பி வருவதிலேயே பாதி ஆயுளைக் கழித்தவர். அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். காலையில் பிரஷர் மாத்திரை, வெந்நீர்க் குளியல், வேட்டி கட்டிவிடுதல். குடித்த காப்பியை மறந்துவிட்டு "காப்பி தரலியே?" என்று கேட்டால் சண்டை போடாமல் இன்னும் அரை டம்ளர் கொடுத்தல். இது என் ட்யூட்டி. மத்தியானம் சாப்பிட்டு அவர் கண் அசருகிற நேரம் என்னுடையது. அதையும் அவர் முழுதாக விட்டுக்கொடுக்க மாட்டார். நான் ஊசியில் கண்ணிகளை எண்ணிக்கொண்டிருப்பேன். நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு...

"ஏட்டி, மணி என்ன?"

"மூணுப்பா."

நாலு, ஐந்து, ஆறு என்று எண்ணிக்கொண்டே போவேன். ஊசி முனைக்கு வந்த பிறகுதான் உறைக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பேன்.

அண்ணனுக்காக ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டர் ஆரம்பித்திருந்தேன். முதுகும் முன்பக்கமும் முடிகிற தறுவாயில் கைக்குழிக்குக் கண்ணி குறைக்கிற இடம். ஸ்வெட்டர் பின்னியவர்களுக்குத்தான் அந்த இடத்தின் அருமை தெரியும். அப்பா கட்டிலிலிருந்து எழுந்தது காதில் விழுந்தது. பாத்ரூமுக்குப் போகிறார் என்று நினைத்தேன். எண்ணிக்கை போய்விடுமே என்று தலையைத் தூக்கவில்லை. கண்ணிகளை முடித்துவிட்டு நிமிர்ந்தபோது கேட் திறந்து கிடந்தது.

தெருவில் ஒரு காலில் செருப்போடு ஓடினேன். கோயில் வாசல் வரை போய்விட்டேன், அதற்குள் போன் வந்தது. பஸ் ஸ்டாண்டு டீக்கடை அண்ணாச்சி. "டீச்சரு, பதறாதிய. அப்பா இங்கனதான் இருக்காவ. ட்யூட்டி பாத்துட்டு இருக்காவ."

போய்ப் பார்த்தால் திருவேங்கடம் பஸ்ஸின் பின்படியில் அப்பா நிற்கிறார். இடுப்பு வேட்டியை மடித்துக் கட்டியிருக்கிறார். "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதிய" என்று கை காட்டுகிறார். ஜனங்களும் மறுபேச்சில்லாமல் உள்ளே போய் நெருக்கியடித்து நிற்கிறார்கள். உண்மையான கண்டக்டர் ஓரமாக நின்று, "அக்கா, நான் ஒரு வாரமா தொண்டை கிழிய கத்துதேன், ஒருத்தரும் கேக்கல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து கேட்டைச் சாத்திய பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு கைக்குழிக்காக அப்பாவைத் தொலைக்கப் பார்த்தேன்.

அண்ணனுக்குப் போனில் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. "ஊசியையும் நூலையும் பரண்ல தூக்கிப் போடு. உன்னால முடியல. நம்ம சபை அசனத்துக்கு வாரேன், வரும்போது அப்பாவ இங்கன கூட்டிட்டு வந்துருதேன். பக்கத்துலயே வயசானவங்களுக்கு நல்ல ஹோம் ஒண்ணு இருக்கு" என்றான். அசனம் என்றால் எங்கள் சர்ச்சில் சபையார் எல்லாரும் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுகிற விருந்து. அதற்கு இரண்டு மாதம்கூட இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் கேட்டைப் பூட்டாமல் விட்டது நான்தானே. அன்றைக்கே ஊசி, நூல், பாதி ஸ்வெட்டர் எல்லாவற்றையும் டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன்.

அடுத்த பத்து நாளும் வீடு லாக்கப் மாதிரி இருந்தது. நான் அப்பாவைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன், அவர் கேட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இரண்டு பேருக்கும் எரிச்சல். சாம்பாரில் உப்பு கூட என்பதற்காக மூன்று நாள் பேசவில்லை. ஒரு மத்தியானம் அப்பா திடீரென்று, "ஏட்டி, ஏன் வண்டி நிக்கி?" என்று கேட்டார்.

"எந்த வண்டிப்பா?"

அவர் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் ஒன்றோடொன்று தட்டிக் காட்டினார். ஊசிகள் உரசுகிற சத்தம். இத்தனை நாளும் அந்தச் சத்தத்தில்தான் அவர் கண் அசந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது.

பெட்டியைத் திறந்தேன். இந்தத் தடவை முன்யோசனையோடு. என் நாற்காலியை அவர் கட்டிலுக்கு எதிரில், கேட்டுக்கு முதுகு காட்டிப் போட்டுக்கொண்டேன். அவர் வெளியே போக வேண்டுமானால் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். கண்ணை அவர் காலிலிருந்து எடுக்கக் கூடாது என்பது சட்டம். அப்படியானால் வரிகளை யார் எண்ணுவது? "அப்பா, இனி நீங்கதான் எண்ணணும். ஊசி ஓடுறதப் பாத்து எண்ணிக்கிடுங்க. மொத்தம் தொண்ணூத்தாறு" என்றேன். ஸ்வெட்டரின் கை தொண்ணூற்றாறு வரி. ஆறு வரிக்கு ஒருமுறை ஓரத்தில் கண்ணி கூட்ட வேண்டும்.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். சுவரில் தொங்கிய பழைய தினசரி காலண்டரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எச்சில் தொட்டு ஒரு தாளைக் கிழித்தார். அதை நாலாகக் கிழித்தார். கண்ணும் கையும் தயார். நான் பின்னினேன். கொஞ்ச நேரத்தில் ஒரு துண்டுத்தாளை என்னிடம் நீட்டினார்.

"டிக்கெட்ட பத்திரமா வச்சுக்க. செக்கிங் வருவாங்க."

ஒரு நாளைக்கு நாலு டிக்கெட்தான். ஐந்தாவது கேட்டால் முறைப்பார். அவர் காலத்தில் ஒரு ட்யூட்டிக்கு நாலு நடையாம். நாலு முடிந்ததும் தோளிலிருந்து இல்லாத தோல் பையைக் கழற்றிக் கட்டிலில் வைப்பார், "ஒரு டீ போடு" என்பார். ஆறு டிக்கெட் சேர்ந்ததும் "ஸ்டேஜ்!" என்று குரல் கொடுப்பார், நான் கண்ணி கூட்டுவேன். துண்டுத்தாள்களை எல்லாம் ஒரு பிஸ்கெட் டப்பாவில் போட்டு வைத்தேன். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "இந்த வெயில்ல கம்பளி பின்னுறது ஒரு கூத்துன்னா, அதுக்கு டிக்கெட் வேறயா?" என்று சிரித்தாள். சிரிக்கட்டும். அப்பா கேட்டைத் திரும்பிப் பார்த்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

தொங்குகிற கம்பளியைப் பிடித்து இழுப்பதில் அப்பாவுக்கு ஒரு ஆசை இருந்ததால், பின்னப் பின்னக் கையைச் சுருட்டி ஊக்கு குத்தி வைத்துக்கொண்டே வந்தேன். சுருள் கொஞ்சம் தடியாகத்தான் போயிற்று. எனக்குச் சந்தேகம் வரவில்லை என்று சொன்னால் பொய். ஒரு நாளைக்கு நாலு வரிக்கு ஒன்றரை மணி நேரம் ஆகுமா என்று ஒரு தடவை தோன்றியது. பிரித்துப் பார்க்கலாம் என்று ஊக்கில் கை வைத்தேன். அப்பா "ரைட், போலாம்" என்றார். ஊக்கை விட்டுவிட்டேன். அந்த நாட்கள் நன்றாக இருந்தன, நான் எதையும் பிரித்துப் பார்க்கத் தயாராக இல்லை.

அண்ணன் அசனத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் வந்து இறங்கினான். அப்பாவின் துணிகளை வைக்க ஒரு காலிப் பெட்டியும் கொண்டுவந்திருந்தான். அப்பா அவனை வரவேற்று, "வாங்க சார், உக்காருங்க" என்றார். அண்ணன் செருப்பைக் கழற்றினான். கழற்ற ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான்.

சூழ்நிலையை லேசாக்கலாம் என்று ஸ்வெட்டரைக் கொண்டுவந்தேன். "உனக்குத்தான் அண்ணே. ஒரு கை முடிஞ்சிட்டு. போட்டுப் பாரு, அளவு பாக்கணும்." முதுகையும் முன்பக்கத்தையும் முடித்துச் சேர்த்துத் தைத்திருந்தேன். அவன் மாட்டிக்கொண்டான். கையை அவன் இடது தோளில் ஊக்கு குத்திச் சேர்த்துவிட்டுச் சுருளின் ஊக்கை எடுத்தேன். சுருள் விரிந்தது. முழங்கையைத் தாண்டியது, மணிக்கட்டைத் தாண்டியது, விரலைத் தாண்டியது, முழங்காலுக்குப் போய்த்தான் நின்றது.

அண்ணன் முதலில் விழுந்து விழுந்து சிரித்தான். அப்புறம் நிறுத்தினான். "நான் சொன்னேம்லா. அவருக்கும் எண்ணத் தெரியல, உனக்கும் பாக்கத் தெரியல. ரெண்டு பேரும் ஓஞ்சு போயிட்டிய. நாளான்னைக்கு நான் அப்பாவக் கூட்டிட்டுப் போறேன். இதுக்கு மேல என்னட்டி அத்தாச்சி வேணும்?"

நாற்பது வருஷமாகப் பின்னுகிறவள் ஒரு கையின் நீளம் தெரியாமல் நிற்கிறேன்.

அப்பா கட்டிலிலிருந்து எழுந்து நின்றார். அண்ணனை ஏற இறங்கப் பார்த்தார். என்னைப் பார்த்து மெதுவாக, "பயப்படாத. செக்கிங் வந்திருக்காங்க. டிக்கெட்ட எடுத்துக் காட்டு" என்றார்.

பிஸ்கெட் டப்பாவைக் கொண்டுவந்து கொட்டினேன். அண்ணன் வேண்டாவெறுப்பாகத்தான் எண்ண ஆரம்பித்தான். பாதியில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். பத்துப் பத்தாக அடுக்கினான். தொண்ணூற்றாறு. ஒன்று கூடவில்லை, குறையவில்லை. நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையின் வரிகளை விரல் நகத்தால் தொட்டுத் தொட்டு எண்ணினேன். இந்தத் தடவை யாரும் மணி கேட்கவில்லை. நூற்றுத் தொண்ணூற்றிரண்டு.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சரியாக இரண்டு மடங்கு.

"எப்பிடிப்பா எண்ணுனிய?" என்று கேட்டேன்.

அப்பாவுக்கு இது ஒரு கேள்வியா என்று இருந்தது. கையை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் கொண்டுபோனார். "இது திருவேங்கடம் போறது." திரும்பக் கொண்டுவந்தார். "இது சங்கரன்கோவில் வாரது. போயிட்டு வந்தாத்தான ஒரு நடை? அங்கனயே விட்டுட்டு வந்துர முடியுமா?"

ஊசி வலமிருந்து இடம் போய், இடமிருந்து வலம் திரும்பி வந்த பிறகுதான் அவர் டிக்கெட் கிழித்திருக்கிறார். இருபத்து நாலு நாள், நாளுக்கு நாலு. காலையில் குடித்த காப்பி ஞாபகமில்லாத மனுஷர், பெற்ற மகனை சார் என்று கூப்பிடுகிற மனுஷர், ஒரு நடையைக்கூட விடவில்லை. நான் அழுதுவிட்டேன். அழுவது எனக்குப் பிடிக்காது, அதனால் மூக்கை ஸ்வெட்டரில் துடைத்தேன், அது அண்ணன் மேல் இருந்தது.

அண்ணன் அந்தத் துண்டுத்தாள்களைத் திரும்ப டப்பாவில் ஒவ்வொன்றாகப் போட்டான். எழுந்து அப்பாவின் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தான். "டிக்கெட் எல்லாம் சரியா இருக்கு" என்றான். குரல் சரியாக இல்லை. "அப்பா, என்கூடப் பெங்களூருக்கு வாரியளா?"

அப்பா யோசித்தார். அவனுடைய ஸ்வெட்டரைப் பார்த்தார். முழங்கால் வரை தொங்குகிற இடது கையைத் தூக்கி அவன் மடியில் ஒழுங்காக மடித்து வைத்தார். வலது பக்கத்து வெறும் தோளைத் தொட்டுப் பார்த்தார்.

"எப்பிடி சார் வர முடியும்? இன்னொரு கை பாக்கி இருக்குல்லா" என்றார்.

மறுநாள் அசனத்தில் அண்ணன் அப்பாவுக்குச் சோறு பிசைந்து ஊட்டினான். கிளம்புகிற அன்றைக்குக் காலிப் பெட்டியைக் காலியாகவே தூக்கிக்கொண்டான். ஸ்வெட்டரை மடித்து என் கையில் கொடுத்தான்.

"இந்தக் கையைப் பிரிச்சுச் சின்னதா போட்டுருதேன் அண்ணே. அடுத்த கையை அளவு பாத்துப் போடுதேன்" என்றேன்.

"பிரிக்காத" என்றான். "அந்தக் கையையும் இதே நீளத்துக்குப் போடு."