அண்ணன் கேட்ட கார்பன் தாள்

பிள்ளைகளே, என் அண்ணனான உங்கள் பெரியப்பா ஏன் நம்மிடம் சொல்லிக்கொள்ளாமலே இந்தியாவுக்குப் போனார் என்று அடிக்கடி கேட்கிறீர்கள். இங்கேயே தங்கிவிட்ட பெரியம்மாவின் சம்மதத்தைக் கேட்டு வாங்கிய பிறகுதான் இதை எழுதுகிறேன்.

அப்போது பதுளையில் ஒரு சட்டத்தரணியின் ஆபீசில் டைப் மெஷின்கள் எல்லாம் என் பொறுப்பு. தேயிலைத் தோட்டத்துச் சனங்கள், இலங்கையா இந்தியாவா என்று எழுதிக் கொடுக்கும் பிரஜாவுரிமை மனுக்களோடு வாசலில் காத்துக் கிடந்த காலம். மனு எழுத வரும் கட்சிக்காரர் சொன்னது வெளியே போகக்கூடாது என்பது சட்டத்தரணி ஐயாவின் கண்டிப்பு. புதுக் கார்பன் தாளில் ஒருமுறை அடித்தால், வெளிச்சத்தில் பிடித்து அத்தனையும் வாசித்துவிடலாம். மற்ற ஆபீசுகளில் பழைய தாளைப் பிள்ளைகள் படம் வரையக் கொடுப்பார்கள். நாங்கள் அன்றன்றே எரித்துவிடுவோம். அதுவும் என் வேலைதான்.

ஒருநாள் காலை பெரியம்மா வந்து, தான் இலங்கையிலேயே இருக்க விரும்புவதாக மனு எழுதவைத்தார்; புதுக் கார்பன் வைத்து நான்தான் அடித்தேன். "தபால்ல போற வரைக்கும் அவருக்குத் தெரிய வேணாம் தம்பி" என்றார். பெரியப்பாவோ இருவருக்குமாக இந்தியாவுக்குப் போக எழுதிக் கொடுத்திருந்தார்.

மத்தியானமே அவர் தெமோதரையிலிருந்து வந்து நின்றார்.

"ஒங்க அண்ணி இங்க வந்தாளா?"

"யாரு வந்தா, வரலன்னு நான் சொல்லக் கூடாதுண்ணே. நாளைக்கு ஒங்களப் பத்திக் கேட்டாலும் இதான் பதில்."

"நீ எனக்குத் தம்பியா, ஒங்க ஐயாவுக்குத் தம்பியா?"

சொன்னால், தபால் போகுமுன் பெரியம்மாவை இழுத்து வந்து மனுவைத் திரும்ப வாங்கவைப்பார். சொல்லாவிட்டால் எனக்கு அண்ணன் இல்லை. ஓடிப்போய்விடலாமா என்றிருந்தது.

அவர் கண், காலையில் அடித்த கார்பன் கிடந்த குப்பைக்கூடைக்குப் போனது. குரல் தணிந்தது.

"சரி விடு. பக்கத்து லயத்து வீட்டுப் புள்ளைங்க படம் வரைய அந்தப் பழைய கார்பனயாவது குடு."

"அது எரிக்கிறதுண்ணே."

"ஒரு கரித்தாளுக்குக்கூட நான் ஒதவாதவனாப் போயிட்டேனா?"

"கால்ல வேணா விழுறேண்ணே. அத மட்டும் கேக்காதீங்க."

"இனி என்னய அண்ணன்னு கூப்பிடாத" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அதன் பிறகு என்னோடு பேசவே இல்லை.

எல்லோரும் போன பிறகு, பின்கட்டில் தகர டின்னில் அந்தத் தாளைப் போட்டுக் கொளுத்தினேன். எரிந்து சுருண்ட பின்னும் சாம்பலில் எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. சூடு ஆறுமுன்பே கையை விட்டு நொறுக்கினேன்.