சங்கரா முள்ளும் என் சிறுகுடலும்

வயிற்றுவலியோடு போனவன், மருத்துவர் கேட்ட முதல் கேள்விக்கே பொய் சொன்னேன்.

“முள் ஏதாவது முழுங்கினீங்களா?”

“நானா? காசிமேட்டுல மீன் ஏலம் வுடுறவன் டாக்டரம்மா. நான் வாயத் தொறந்தா முள்ளு தானா வெளிய வந்து சலாம் போடும்.”

உண்மையில், இரண்டு நாள் முன்பு கல்மண்டபம் பக்கம் மச்சான் வீட்டு விருந்தில் சங்கரா மீன் முள் தொண்டையில் குத்தியது. மீன்காரன் முள்ளுக்கு இருமினால் மானம் என்னாவது? சோற்றை உருட்டி விழுங்கி, முள்ளை உள்ளே தள்ளிவிட்டுச் சிரித்தேன்.

வாயுவுக்கு மாத்திரை வாங்கி வந்தேன். மறுநாள் காய்ச்சல். வயிறு கல்லாக இறுகியது. ஸ்கேனில் வெள்ளைக் கோடாக அது தெரிந்தது.

“இன்னாய்யா இது?” என்றாள் என் மனைவி செல்வி.

“முள்ளு.”

“நேத்தே சொல்றதுக்கு இன்னா கேடு ஒனக்கு?”

மருத்துவர் விளக்கினார். பல் அரைக்க வேண்டும். இரைப்பையின் அமிலம் சின்ன முள்ளை இளக்கிவிடும். என்னுடையது பெரிசு, தப்பிப் போய்ச் சிறுகுடலில் (சத்தை உறிஞ்சும் நீண்ட குழாய்) ஓட்டை போட்டிருந்தது.

அன்றே அறுவை சிகிச்சை. வயிற்றைத் திறந்தால் குடல் அசைவை நிறுத்திவிடுமாம். அது விழித்து, காற்றுப் பிரிந்தால்தான் குடிக்கத் தண்ணீர் தருவார்களாம். விழிக்காவிட்டால் மறுபடி திறந்து பார்க்க நேரலாம்.

மூன்று நாள் மருத்துவர் என் வயிற்றில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார். மூன்று நாளும் உதட்டைப் பிதுக்கினார். செல்வி திட்டுவதை நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்குப் பயத்தைக் கிளப்பியது.

நான்காம் நாள் காலை உள்ளே ஏதோ உருண்டது. அப்புறம் வந்தது பாருங்கள்! தையல் வலியையும் மறந்து ஏலக் குரலில் கத்தினேன்:

“சிஸ்டர்! வந்துடுச்சி!”

“கலீஜு! ஊருக்கே சொல்வியா?” என்று செல்வி அழுதுகொண்டே சிரித்தாள். பக்கத்துப் படுக்கைக்காரர் கை தட்டினார். இதே காற்றுக்காகப் படுத்திருப்பவர்களே, கூச்சப்படாதீர்கள். அதைவிட நல்ல சேதி அந்த வார்டில் கிடையாது.

முதலில் இரண்டு ஸ்பூன் தண்ணீர். கண்ணை மூடிக்கொண்டு, அது தொண்டை, நெஞ்சு என்று இறங்குவதை ஒவ்வொரு அங்குலமாகத் தொடர்ந்தேன்.

இப்போது வேலைக்குப் போகிறேன். ஒரு கூடை மீனை மூச்சு விடுவதற்குள் ஏலம் போட்டுவிடுவேன். ஒரு தட்டுச் சோற்றுக்கு முக்கால் மணி நேரம். மென்றுகொண்டே இருந்தால் வெறும் சோறு இனிக்கிறது. எச்சில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கிறதாம். நாற்பத்தாறு வருஷம் இந்த வாயை வைத்துக்கொண்டு எனக்கு இது தெரியாது!

“இன்னாய்யா, ஒரு வாய்க்கு இன்னா நேரம்?” என்கிறாள் செல்வி.

“இருடி. இப்பதான் இனிக்க ஆரம்பிச்சிகீது.”