இட்டேரியில் ஒரு லிங்க் பிழை

நான் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவன். நிலம் அளக்கும் சர்வேயருக்குச் செயின் பிடிப்பது என் வேலை. பேசுவது அவர், இழுப்பது நான். என் கூச்சத்துக்கு அது தோதாக இருந்தது.

ஒரு முறை முதலிபாளையம் பக்கம் இட்டேரி அளக்கப் போனோம். இரண்டு தோட்டத்து வேலிகளுக்கு நடுவே போகும் பொதுத் தடம் அது. பனியன் கம்பெனிப் பெண்கள் பஸ்ஸுக்கு அதில்தான் நடந்தார்கள். சுற்றிப் போனால் பஸ் போய்விடும். சங்கு ஊதியபின் கம்பெனி கேட் திறக்காது.

மேற்குத் தோட்டத்துச் சென்னியப்பன், தன் பழைய கிளுவை வேலிக்கு வெளியே, தடத்துக்குள்ளேயே புது முள்வேலி போட்டுவிட்டார். ஒருக்களித்துத்தான் போக முடிந்தது.

"கடலைச் செடியப் புடுங்கித் தின்னுட்டே போறாங்க. வேலி போடாம என்னுங்க பண்றது?" என்றார்.

"உங்க கடலையத் தின்னுதான் நாங்க கொழுத்துப் போயிட்டமாக்கும்!" என்றாள் ராமாத்தாள். கூட வந்த கம்பெனிப் பெண்கள் சிரித்தார்கள்.

கிழக்குத் தோட்டத்துக் கடைசியில் இருந்த எல்லைக் கல்லிலிருந்து, சர்வே படத்தில் கண்டபடி எட்டுச் செயின் பிடித்தோம். தடத்தின் மேற்கு எல்லையைக் காட்டும் கொடி பழைய வேலிக்கும் உள்ளே போய் நின்றது.

"ரெண்டு வேலியும் வெட்டணும்" என்றார் சர்வேயர்.

சென்னியப்பன் பதறினார். "புதுசப் புடுங்கிடறனுங்க. பழசு வேண்டாமுங்க. அதுல கௌதாரி அடை கெடக்குது, கீரி குடியிருக்குது. கீரி போச்சுன்னா எலி ஒரு கடலை உட்டு வெக்காதுங்க."

"படத்துல கீரி இல்லியே!" என்றார் சர்வேயர்.

எங்களோடு வந்த வெட்டுக்காரர் அரிவாளை எடுத்தார். முந்தின வாரம் செயின் பாறையில் மாட்டியபோது பலமாக இழுத்துவிட்டேன். சில வளையங்கள் வாய் பிளந்தன. தட்டிச் சேர்த்துவிட்டு யாரிடமும் சொல்லவில்லை.

"செயின் நீண்டிருக்குதுங்க. தப்பு என்னுதுங்க" என்றேன்.

"இப்பத்தான் வாய் வந்துச்சா உனக்கு?" சர்வேயர் எல்லோர் முன்பும் திட்டினார். பிறகு பத்து லிங்க் கோலைச் செயினோடு வைத்துப் பார்த்தார். நூறு லிங்க் இருக்க வேண்டிய செயினில் ஒரு லிங்க் நீளம் கூடுதல். எட்டுச் செயினுக்கு எட்டு லிங்க், ஐந்தடிக்கு மேல். அவ்வளவும் பின்னுக்குத் தள்ளிக் கொடியை நட்டோம். பழைய வேலிக்கு வெளியே, அதன் காலடியில் நின்றது.

புது வேலியைச் சென்னியப்பனே பிடுங்கினார். "அகலமா நடங்க ஆத்தா. கடலையில மட்டும் கை வெக்காதீங்க."

"கௌதாரி முட்டையிலயும் வெக்கலீங்க" என்றாள் ராமாத்தாள்.

அதன்பின் எந்தக் காட்டிலும், கோலை வைத்துச் செயினைச் சரிபார்க்காமல் நான் கல்லுக்குப் போனதில்லை. செயின் பிடிக்க வருகிற தம்பிகளே, உங்கள் தப்பை அங்கேயே சொல்லிவிடுங்கள். சொன்னால் ஒரு திட்டோடு போகும். சொல்லாவிட்டால் அடுத்தவர் வேலி போகும்.