செம்பியின் வாயில் பழ வாசனை

ஆட்டுக்கிடை போடுகிற வேலைக்குக் காலும் தொண்டையும் நன்றாக இருந்தால் போதும் என்பார்கள்; எனக்குக் கால் மட்டும்தான் நன்றாக இருந்தது. ஐந்தாவது வரைதான் படித்தேன். நாலு பேர் நிற்கிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது. என்னைப் போல ஆட்டோடு அல்லாடுகிற உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எங்களுக்கு மருங்காபுரிப் பக்கம். அங்கே மேய்ச்சல் காய்ந்ததும் ஜீயபுரத்துக்கு வந்து, அறுவடை முடிந்த வயல்களில் ராத்திரி ஆடுகளை அடைத்து வைப்போம். புழுக்கை வயலுக்கு எரு, எங்களுக்குக் கூலி.

பெருத்த வயிறு

செம்பி என் ஆடு. கல்யாணத்தின்போது அம்மா கையில் பிடித்துக் கொடுத்தது. போன வருஷம் சினையாக இருந்தபோது வயிறு இரண்டு பக்கமும் பிதுங்கி நின்றது. கடைசி மாதம் சினையாட்டுக்குத் தீனியைக் குறைப்பது எங்கள் வழக்கம். குட்டி பெருத்து, ஈனும்போது மாட்டிக்கொள்ளும் என்று பயம்.

என் மகளைச் சுமந்தபோது எனக்கும் என் மாமியார், அத்தை, அப்படித்தான் சோற்றைக் குறைத்தார். பசியில் கண் இருட்டியது இன்னும் நினைவிருக்கிறது. அதனால், "செம்பிக்கு ஒரு கை சோளம் வைக்கட்டுமா அத்தை?" என்று மெதுவாகக் கேட்டேன். அத்தை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அதுக்கென்ன, உடம்பு பூரா கொழுப்பு. உன்னை மாதிரிதான், ஒரு வேளை குறைஞ்சா ஒண்ணும் ஆயிடாது."

திருட்டுப் பட்டம்

கிடைக்குப் பக்கத்தில் வாழைத்தோட்டம். தோட்டக்காரர் ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் காலையில் வண்டியில் வருவார். ஒருநாள், கொட்டகையில் பழுக்க வைத்திருந்த தாரில் இரண்டு சீப்பைக் காணோம் என்று ஆட்களோடு வந்து நின்றார். அன்றைக்கென்று செம்பி தழையைத் தொடவில்லை. பூவரச மரத்தில் தலையை முட்டியபடி பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு நின்றது.

அவர் அதன் தாடையைப் பிடித்து மோந்து பார்த்தார். கனிந்து அழுகப்போகிற பழத்தின் வாசனை. என் வீட்டுக்காரரும் மோந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். முதல்நாள் சாயங்காலத்திலிருந்து செம்பி அந்த மரத்தில்தான் கட்டிக் கிடந்தது. அதே மரத்தில்தான் என் மகளுக்குத் தூளி கட்டியிருந்தேன். அது ஓரடி நகரவில்லை என்று எனக்குத் தெரியும். ஆம்பிளைகள் ஐந்தாறு பேர் நின்றார்கள். நான் தூளியை ஆட்டிக்கொண்டே நின்றேன்.

"மோந்து பார்த்தியாப்பா? என் தோட்டத்து வாசனை அடிக்குதா இல்லையா?"

மூக்கைப் பொத்தியது

தின்றது செரிக்கட்டும் என்று வீட்டுக்காரர் செம்பிக்கு அன்றும் மறுநாளும் தீனியே வைக்கவில்லை. மூன்றாம் நாள் அது படுத்துவிட்டது. யாரிடமும் கேட்காமல் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு நடந்தேன். அங்கிருந்த டாக்டரம்மா தன் ஸ்கூட்டியிலேயே எங்களை ஏற்றிக்கொண்டு வந்தார். மூத்திரம் பார்க்கணும், மூக்கைக் கொஞ்ச நேரம் பொத்துங்க, மூச்சு முட்டினால் பெய்துவிடும் என்றார். பொத்தினேன். செம்பி என்னையே பார்த்துக்கொண்டு பெய்தது. அதில் நனைத்த சோதனைக் காகிதப் பட்டை கத்தரிப்பூ நிறமாக மாறியது.

"அது பழம் திங்கலைங்க" என்றேன். அப்போதுதான் முதல் முறையாக வாய்விட்டுச் சொன்னேன்.

டாக்டரம்மா தரையில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். கொழுப்பைக் கரையவிடாமல் பிடித்து வைப்பது இன்சுலின். தீனி குறைந்தால் அதுவும் குறையும். பயந்தால் சுரக்கிற வேறு ஹார்மோன்கள் கொழுப்பை இன்னும் அவிழ்த்துவிடும். வயிற்றில் இரட்டைக் குட்டி இருந்தால் ரத்தத்துச் சர்க்கரையை அவை இழுத்துக்கொள்ளும். கரைந்து வருகிற கொழுப்பு அத்தனையையும் ஈரலால் தாங்க முடியாது. கீட்டோன் என்ற ஒன்றாக மாற்றி ரத்தத்தில் விடும். அதுதான் மூச்சில் மணக்கிறது. கொழுத்த ஆட்டுக்குத்தான் இது சீக்கிரம் வருமாம்.

"இது திருடித் தின்ன வாசனை இல்லைம்மா, பட்டினி கிடந்த வாசனை."

அத்தையின் மருந்து

டாக்டரம்மா நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார். கூடவே இன்சுலின் போட்டார். அத்தைக்குச் சர்க்கரை உண்டு. ஈரமணல் பானையில் சூடு படாமல் அவர் வைத்திருக்கும் அதே மருந்து என்று தெரிந்ததும் அத்தை செம்பியின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். குட்டியைச் சீக்கிரம் வெளியே கொண்டுவரவும் டாக்டரம்மா ஊசி போட்டார். மறுநாள் மத்தியானம் செம்பி இரண்டு குட்டி போட்டது. ஒன்று செத்தே பிறந்தது. பொழுது சாயும்போது செம்பியும் போய்விட்டது. மிஞ்சிய குட்டிக்கு என் மகளின் பால் பாட்டிலில்தான் பால் கொடுத்தேன். இப்போது சினையாடுகளுக்கு, யாரும் கேட்காமலே அத்தை ஒரு கை சோளம் கூடவே வைக்கிறார்.

ஒரு வாரம் கழித்துத் தோட்டக்காரர் வந்தார். அந்த இரண்டு சீப்பையும் அவர் வீட்டம்மாவே ஆள் விட்டு எடுத்திருந்தாராம். செம்பியைக் கட்டியிருந்த கயிறு மரத்திலேயே தொங்கியது. அதைப் பார்த்துவிட்டு, தூளிப் பக்கம் நின்ற என்னிடம் சொன்னார்.

"நீ இங்கேயேதானே இருந்தேம்மா, அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

வாயில்லா ஜீவன் என்று நாம் சொல்கிற ஆடு தன் மூச்சாலேயே சொல்லிப் பார்த்தது, வாய் இருந்த நான்தான் மூன்று நாள் எடுத்துக்கொண்டேன்.