குப்பை லாரிக்கு இரண்டு பட்டன்

அந்தக் கார் சண்டை கேம் கம்ப்யூட்டருக்கும் வந்துவிட்டது என்று போனில் பார்த்தபோது தொழிற்பேட்டை டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். டீ ஆறிப்போனது. டிவியில் மாட்டி ஆடும் பெட்டியில் மட்டுமே இத்தனை வருடம் ஓடிய கேம் அது. கார்களும் லாரிகளும் ஒன்றையொன்று மோதி, ராக்கெட் விட்டு, கடைசியில் ஒரே வண்டி மிஞ்சும் வரை அடித்துக்கொள்ளும். கதை என்று ஒரு மண்ணும் கிடையாது. ஆனாலும் எனக்கும் என் நண்பனுக்கும் வாலிபத்தில் பாதி அதில்தான் போனது.

மண்ணூர்பேட்டையில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது அந்த கேம் கடை. நாங்கள் இருவரும் ஐடிஐ முடித்து ஒரே கம்பெனியில் சேர்ந்த புதிது. ஷிப்ட் முடிந்ததும் கையில் எண்ணெய் வாசனையோடு அங்கே போய் உட்காருவோம். எனக்கு டாக்சி. அவனுக்கு எப்போதும் குப்பை லாரி. ஆமை வேகத்தில் போகிறது என்று வேறு யாரும் அதைத் தொடமாட்டார்கள். அதன் பெரிய அடிக்கு, ஜாய்ஸ்டிக்கின் இடது மேல் முனையிலும் வலது மேல் முனையிலும் இருக்கும் இரண்டு பட்டன்களை ஒரே நேரத்தில் அமுக்க வேண்டும். இமைப்பொழுது முன்னே பின்னே ஆனாலும் வேலைக்கு ஆகாது. சரியாக விழுந்தால் லாரியின் முதுகு தூக்கிக்கொண்டு, எரிகிற குப்பை அத்தனையும் பின்னால் துரத்தி வருகிறவன் தலையில் கொட்டும். என் தலையில் அவன் கொட்டியதற்குக் கணக்கே இல்லை.

நானும் சும்மா இல்லை. டாக்சியைக் கொண்டுபோய்ப் பனிக்குள் ஒளித்துக்கொள்வேன். அந்தப் பழைய பெட்டிக்குத் தூரத்தில் இருப்பதைக் காட்டத் தெம்பு கிடையாது. வெள்ளையாகப் பனியைப் போட்டு மூடிவிடும். "பொட்ட மாறி பூந்துக்காத மச்சான், வெளிய வா" என்று கத்துவான். நான் வரமாட்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன் அவன் வலது கை பிரஸ் மெஷினில் மாட்டியது. கட்டைவிரலைத் தவிர நான்கும் போய்விட்டன.

அது எப்படி நடந்தது என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். அவன் பிரஸ் ஆபரேட்டர். நான் அங்கேயே மெயின்டெனன்ஸ் ஃபிட்டர். அந்தப் பழைய பிரஸ்ஸுக்கும் இரண்டு பட்டன்கள். இரண்டு கையாலும் சேர்த்து அமுக்கினால்தான் தகட்டை அழுத்தும் அச்சு மேலிருந்து இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் உள்ளே எந்தக் கையும் இருக்காது என்று கணக்குப் போட்டு வைத்தது. எங்களுக்கு அது தொல்லை. ஒரு பட்டனில் ரப்பர் துண்டைச் சொருகி அமுங்கியபடியே நிறுத்திவிட்டால், ஒரு கை அமுக்க, ஒரு கை தகட்டை வைக்க, வேலை பறக்கும். கம்பெனி முழுக்க இதுதான் வழக்கம். ஆய்வுக்கு ஆள் வருகிறார் என்றால் எல்லோரும் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொள்வோம். அன்றைக்கு அவன் மெஷினில் ரப்பரை வெட்டிச் சொருகியது நான். "இது வசதியா இருக்கும் மச்சான்" என்று தோளில் தட்டிவிட்டு வேறு வந்தேன். தகடு வைக்கப் போன வலது கை உள்ளே இருக்கும்போதே இடது கை பட்டனை அமுக்கிவிட்டது.

விசாரணையில் யார் சொருகியது என்று கேட்டார்கள். தெரியாது என்று சொல்லிவிட்டான். என்னிடமும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு இரண்டு வருடமாக அதுதான் பிழைப்பு.

மேனாம்பேட்டில் அவன் வீட்டுக்கு எப்போது போனாலும் வலது கை ஒரு துண்டுக்குள் இருக்கும். சாப்பிடும்போதும் துண்டு, தூங்கும்போதும் துண்டு என்று அவன் மனைவி சொன்னாள். "எங்கிட்ட கூட காட்ட மாட்டேங்கறாருண்ணா. வெளிய வான்னா வர மாட்டேங்கறாரு. இப்டியே உக்காந்துகினு கீறாரு." இந்த மனுஷன் அந்தத் துண்டுக்குள்ளேயே முடிந்துபோவானோ என்ற பயம் எனக்கும் அவளுக்கும் இருந்தது.

கம்ப்யூட்டரில் ஒரு வசதி உண்டு. எந்த வேலைக்கு எந்தக் கீ என்று நாமே மாற்றிக்கொள்ளலாம். நான் ஒரு வாரம் உட்கார்ந்து, ஸ்டியரிங், பிரேக், ராக்கெட் எல்லாவற்றையும் கீபோர்டின் இடது பக்கத்துக்கே கொண்டுவந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை லேப்டாப்பையும் எனக்கு ஒரு ஜாய்ஸ்டிக்கையும் தூக்கிக்கொண்டு போய் அவன் டிவியில் மாட்டினேன்.

"நீ ஆடு. நான் பாக்கறேன்" என்றான்.

கேம் திறந்தது. பனியைக் காணோம். அத்தனை வருடம் வெள்ளையாக மூடிக் கிடந்த இடத்தில் ஒரு மலை நின்றது. மலைக்குக் கீழே ஊர், ஊருக்கு நடுவில் ரயில் பாலம், அதற்கும் அப்பால் கடல். மங்கலான கட்டம் என்று நாங்கள் நினைத்திருந்தது ஒரு சினிமா கொட்டகை. வாசலில் போஸ்டர்கூட இருந்தது. இதெல்லாம் அப்போதே செய்து வைத்திருந்தார்களா? நாங்கள் பார்க்கத்தான் பெட்டி விடவில்லையா? அவன் மெல்ல டிவிக்குப் பக்கத்தில் நகர்ந்து வந்தான்.

"இன்னா மச்சான் இது... கடலு கீதுடா!" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "இனிமே நீ எங்க போய் ஒளிவே?" என்று சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது.

இடது கையைக் கீபோர்டில் வைத்தான். முதலில் சுவரில் மோதினான், பாலத்திலிருந்து விழுந்தான். அரை மணி நேரத்தில் அந்த ஐந்து விரல்களும் வழியைப் பிடித்துக்கொண்டன. பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒற்றைக் கையால், குப்பை லாரியைச் சினிமா கொட்டகை சந்துக்குள் பின்பக்கமாகவே ஓட்டிப் போகிறான். எனக்கு இரண்டு கையிலும் விரல்கள் முழுசாக இருந்தும் அது வராது. நான் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்து டாக்சியில் அவனைத் துரத்தினேன். அவனுடைய பெரிய அடி என் மேல் விழ வாகாக நெருங்கிவிட்டேன். அவன் சுண்டுவிரல் தற்செயலாக ஒரு கீயில் பட்டது. லாரியின் முதுகு தூக்கியது, என் டாக்சி எரிந்தது.

நான் கைதட்டினேன். அவன் தட்டவில்லை.

"நான் ஒண்ணுதானே அமுக்கினேன்?"

"ரெண்டையும் ஒரே கீயில வச்சிட்டேன் மச்சான். வசதியா இருக்கும்னு..."

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே அது உறைத்தது. அவன் டிவியைப் பார்த்தபடியே இருந்தான்.

"அன்னிக்கும் இத்தயேதான் சொன்னே."

இரண்டு வருடமாக எந்த வார்த்தைக்குக் காத்திருந்தேனோ அது வந்துவிட்டது. அதில் கோபம் இருந்தால் தாங்கியிருப்பேன். அவன் குரல் சாதாரணமாக இருந்தது.

"மன்னிச்சிடுடா" என்றேன்.

"சொருவச் சொன்னவன் நானு. உடு. இத்த மொதல்ல மாத்து. ரெண்டு பட்டன்னா ரெண்டுதான்."

மாற்றினேன். இடது கோடியில் ஒரு கீ, வலது கோடியில் ஒரு கீ. இரண்டு முறை தப்பாக அமுக்கினேன். நிமிர்ந்தபோது அவன் துண்டை உருவிக்கொண்டிருந்தான். அந்தக் கையை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். தையல் போட்ட தழும்புக்கு ஓரத்தில் கட்டைவிரல் மட்டும் தனியாக நின்றது. அதை வலது கோடிக் கீயின் மேல் வைத்தான். சமையலறை வாசலில் அவன் மனைவி கரண்டியோடு நின்றாள். அவள் டிவியைப் பார்க்கவில்லை.

முதல்முறை தவறியது. இரண்டாவதும் தவறியது. நான் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டினேன். "பாவம் பாக்காத, வேகமா வா" என்று அதட்டினான். வேகமாக வந்தேன். எட்டாவதோ ஒன்பதாவதோ முறை, இடமும் வலமும் சேர்ந்து விழுந்தன. லாரியின் முதுகு தூக்கியது. அந்த மலையும் கடலும் தெரிய, எரிகிற குப்பை அத்தனையும் என் தலையில் கொட்டியது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் துண்டு தரையில் கிடந்தது. எடுத்து நீட்டினேன். அவன் கை நீட்டவில்லை. வேண்டாம் என்று அந்தக் கட்டைவிரலையே ஆட்டிவிட்டு, அடுத்த ஆட்டத்தைத் தொடங்கினான்.